டிஜிட்டலில் வரையும் தேக்கு மேசை ஏன் மைக்கா ஒட்டியதைப் போலவே தெரிகிறது?

கேள்வி இதுதான்: இரண்டு இழுப்பறைகள் உள்ள ஒரு தேக்கு எழுதுமேசையை கிம்ப் மென்பொருளில் வரைந்து, இணையத்தில் கிடைத்த மர டெக்ஸ்சர் படம் ஒன்றை அதன்மேல் ஒட்டி, நிழலும் கொடுத்தாயிற்று, ஆனாலும் அது மரமாகத் தெரியாமல் மைக்கா ஒட்டிய பிளைவுட்டாகவே தெரிகிறது. எந்த ஃபில்டரைப் போட்டால் இது சரியாகும்?

எந்த ஃபில்டராலும் இது சரியாகாது. நீங்கள் வரைந்தது உண்மையிலேயே மைக்கா ஒட்டிய மேசைதான். அந்த வகையில் படம் மிகச் சரியாகவே வந்திருக்கிறது. மைக்காத் தகடு செய்பவரும் மரத்தின் படத்தை ஒரு தாளில் அச்சிட்டு, அதை மேற்புறம், பக்கவாட்டு, கால் என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டுவதற்குத்தான் கொடுக்கிறார். மரச்சாமான் அப்படி உருவாவதில்லை. ஒரு மரத்திலிருந்து வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு கோணத்தில் அறுத்தெடுத்த பதினைந்து இருபது துண்டுகளைத் தச்சர் ஒன்றோடொன்று பொருத்துகிறார். எந்தத் துண்டில் ரேகை எந்தத் திசையில் ஓடும், எந்த முகத்தில் மரத்தின் குறுக்குவெட்டு தெரியும், இரண்டு துண்டுகள் எங்கே சந்திக்கும் என்பதையெல்லாம் நம் கண் சிறுவயதிலிருந்தே பார்த்துப் பழகியிருக்கிறது. பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும், தவறாக இருந்தால் கண் உடனே கண்டுகொள்ளும். ஆகவே மேசையை ஒரே பொருளாக வரையாமல், துண்டு துண்டாக, தச்சர் செய்யும் வரிசையிலேயே வரையுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

மென்பொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஃபோட்டோஷாப், கிம்ப், கிரிட்டா ஆகிய மூன்றிலும் இந்த வேலையைச் செய்யலாம். நீங்கள் கிம்ப் பயன்படுத்துவதால் அதன் மெனுப் பெயர்களையே பெரும்பாலும் சொல்கிறேன். வரையத் தொடங்கும் முன் ஒரு வேலையை மட்டும் கட்டாயம் செய்துவிடுங்கள்: படத்தின் துல்லியத்தை 8 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு மாற்றுங்கள். 2018-இல் வந்த கிம்ப் 2.10 முதல் இந்த வசதி இருக்கிறது. பின்னால் ரேகைகளை உருவாக்கும்போது ஒரு மெல்லிய சாம்பல் நிற மாற்றத்தைப் பல மடங்கு இழுத்து விரிக்கப் போகிறோம். 8 பிட்டில் 256 படிகள் மட்டுமே இருப்பதால் அங்கே படிக்கட்டுப் படிக்கட்டாகக் கோடுகள் விழும், அதைப் பிறகு எந்த வழியிலும் போக்க முடியாது.

அடுத்து அளவு. பெரும்பாலான படங்கள் இங்கேதான் முதலில் சறுக்குகின்றன. மேசையின் நீளம் 120 சென்டிமீட்டர் என்றும், உங்கள் படத்தில் அதன் முன் விளிம்பு 2400 பிக்சல் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு சென்டிமீட்டருக்கு 20 பிக்சல், ஒரு மில்லிமீட்டருக்கு 2 பிக்சல். வளர்ச்சி வளையங்களுக்கு இடையே சில மில்லிமீட்டர் மட்டுமே இடைவெளி உள்ள பலகையில் ரேகைகள் 6 முதல் 16 பிக்சலுக்கு ஒன்றாக வர வேண்டும். இணையத்தில் எடுத்த டெக்ஸ்சரை அப்படியே இழுத்து நிரப்பியவர்களின் படத்தில் அது 60, 70 பிக்சலுக்கு ஒன்றாக இருக்கும். அதாவது மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு வளையம். அந்தக் கணக்கில் கண் உங்கள் மேசையை முழங்கை நீளமுள்ள சிறு பொருளாக எடைபோட்டுவிடும். ஒரு அங்குலப் பலகையின் தடிமன் இந்த அளவுகோலில் 50 பிக்சல். இழுப்பறைக்கும் சட்டத்துக்கும் இடையிலான 2 மில்லிமீட்டர் இடைவெளி 4 பிக்சல். இந்த அளவுகோலை ஒரு மூலையில் தனி லேயரில் எழுதி வைத்துக்கொண்டால் கடைசி வரை பயன்படும்.

பெர்ஸ்பெக்டிவுக்கும், அதாவது தொலைவுக்கேற்பப் பொருள் சிறுத்துத் தெரியும் தோற்றத்துக்கும், இதே போன்ற எளிய கணக்கு ஒன்று உண்டு. நிற்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 5 அடி உயரத்தில் இருக்கும்; எழுதுமேசையின் உயரம் இரண்டரை அடி. ஆகவே நமக்கு மிக அருகில் உள்ள காலின் அடியிலிருந்து நேர் மேலே கண்மட்டக் கோடு வரை அளந்தால், மேசையின் உயரம் அதில் சரிபாதியாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு நாற்காலியும் வரைவதானால், அதன் இருக்கை ஒன்றரை அடி உயரம் என்பதால், அது நிற்கும் இடத்திலிருந்து கண்மட்டம் வரையுள்ள தூரத்தில் பத்தில் மூன்று பங்கு. இந்த விகிதம் பொருள் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் மாறாது. மேசையின் இணையான விளிம்புகள் தொலைவில் சென்று கூடும் மறையும் புள்ளிகள் இரண்டும் படத்தின் சட்டகத்துக்கு உள்ளேயே இருந்தால் மேசையின் முன்மூலை கூர்மையாக நீட்டிக்கொண்டு தெரியும். இரண்டுக்கும் இடையில் படத்தின் அகலத்தைப் போல மூன்று மடங்காவது தூரம் இருக்கட்டும். கிரிட்டாவில் மறையும் புள்ளிக்கென்றே உதவிக்கருவி இருக்கிறது. கிம்ப்பில் கேன்வாஸைத் தற்காலிகமாகப் பெரிதாக்கி, பாத் கருவியால் கோடுகள் இழுத்துக்கொள்ளலாம்.

இப்போது துண்டுகளுக்கு வருவோம். மேற்பலகை ஒரே பலகையாக இருப்பது அரிது. இரண்டடி அகலத்துக்குத் தேவையான பலகை ஒரே மரத்தில் கிடைப்பதும் கடினம், கிடைத்தாலும் வளையும் என்பதால், ஆறு அல்லது எட்டு அங்குல அகலமுள்ள மூன்று நான்கு பலகைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். அவை எல்லாவற்றிலும் ரேகை மேசையின் நீளவாக்கில் ஓடும், ஆனால் ஒவ்வொன்றின் வடிவமும் வேறு, நிறமும் ஒரு நூல் வேறு. நான்கு கால்களிலும் ரேகை மேலிருந்து கீழாக ஓடும். மேற்பலகைக்குக் கீழே கால்களை இணைக்கும் சட்டங்களில் கிடைமட்டமாக ஓடும். மேசையின் இடது வலது ஓரங்களில், பலகைகள் முடியும் இடத்தில், ரேகை கோடாகத் தெரியாது. அங்கே மரத்தின் வெட்டுமுகம், அதாவது வளையங்களின் வில் போன்ற பகுதிகள் தெரியும். இரண்டு இழுப்பறைகளின் முகப்பை நல்ல தச்சர் ஒரே பலகையிலிருந்து அறுத்தெடுப்பார்; அதனால் இடது இழுப்பறையில் தொடங்கிய ரேகை, நடுவில் உள்ள இடைவெளியைத் தாண்டி வலது இழுப்பறையில் தொடரும். படத்தில் இதைச் செய்ய எந்தச் சிரமமும் இல்லை, ஒரே டெக்ஸ்சரை இரண்டாக வெட்டினால் போதும். ஆனால் இதைச் செய்தவுடனே மேசைக்கு ஒரு தரம் வந்துவிடும்.

இணைப்புகளை வரையும்போது எல்லா மூலைகளிலும் 45 பாகையில் சாய்வுக்கோடு போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அது படச்சட்டத்துக்கு உரியது. காலும் சட்டமும் சேரும் இடத்தில் சட்டத்தின் நுனியில் நாக்குப் போல நீட்டியிருக்கும் கழுந்து காலில் உள்ள துளைக்குள் போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கால் முழுமையாக, இடைவிடாமல் மேலே செல்லும், சட்டம் அதன் பக்கத்தில் வந்து முட்டி நிற்கும். ஆகவே இணைப்புக்கோடு காலின் உள்விளிம்பை ஒட்டிச் செங்குத்தாக இருக்கும். அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் ரேகை செங்குத்து, வலப்பக்கம் கிடைமட்டம். அலமாரிக் கதவிலும் இதே முறைதான்: இரு பக்கச் செங்குத்துச் சட்டங்கள் மேலிருந்து கீழ் வரை முழுதாக ஓடும், குறுக்குச் சட்டங்கள் அவற்றுக்கு இடையே அடங்கும், நடுப்பலகையில் ரேகை பெரும்பாலும் செங்குத்தாக இருக்கும். இந்த இணைப்புக்கோடுகளை முழுக் கறுப்பில், ஒரே தடிமனில் வரையக் கூடாது. ஒன்றிரண்டு பிக்சல் அடர்பழுப்புக் கோடு, அதன் ஒரு பக்கத்தில் மட்டும் மயிரிழை வெளிச்சம், சில இடங்களில் கோடே மறைந்து மீண்டும் தோன்றுதல்; இவ்வளவு போதும்.

ரேகையின் வடிவம் அறுப்பைப் பொறுத்தது. அடிமரத்தை ஒரு பக்கத்திலிருந்து வரிசையாகப் பலகை பலகையாக அறுத்தால், நடுப்பகுதியில் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய வளைவுகளும், ஓரங்களில் நெருக்கமான நேர்க்கோடுகளும் கிடைக்கும். வளையங்களுக்குச் செங்குத்தாக அறுத்தால் பலகை முழுவதும் நேர்க்கோடுகளாகவே இருக்கும். மேற்பலகைகளில் இரண்டிலாவது முதல் வகை வளைவுகள் வேண்டும், கால்களுக்கு நேர்க்கோடுகளே போதும். வளைவுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்காமல், ஒரு பலகையில் இடப்புறமும் அடுத்ததில் வலப்புறமும் நோக்கி இருந்தால் இயல்பாக இருக்கும்.

இந்த வளைவுகளைக் கையால் ஒவ்வொன்றாக வரைவது வீண் உழைப்பு. கிம்ப்பிலேயே உருவாக்கலாம், இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 4800க்கு 800 பிக்சல் அளவில் ஒரு புதிய படம் திறந்துகொள்ளுங்கள். இது ஒரு பலகை, இறுதி அளவைப் போல இரண்டு மடங்கு. பலகையின் நடுக்கோட்டிலிருந்து இரு ஓரங்களுக்கும் கறுப்பிலிருந்து வெள்ளையாக மாறும் பைலீனியர் கிரேடியன்ட் ஒன்றைப் போடுங்கள். கர்வ்ஸ் கருவியில் அந்த மாற்றத்தை வளைத்து, நடுவில் மெதுவாகவும் ஓரத்தில் வேகமாகவும் வெளுக்கும்படி செய்யுங்கள். அதன்மேல் இன்னொரு லேயரில், பலகையின் நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கறுப்பிலிருந்து வெள்ளையாகும் சாதாரண கிரேடியன்ட் போட்டு, அதன் ஒபாசிட்டியை 40 சதவீதமாகக் குறையுங்கள். மூன்றாவது லேயரில் ஃபில்டர்ஸ், ரெண்டர், நாய்ஸ் என்று போய் சாலிட் நாய்ஸைப் போடுங்கள்; எக்ஸ் அளவை 1 என்றும் ஒய் அளவை 3 என்றும் வைத்தால் மேகம் போன்ற அந்த வடிவம் நீளவாக்கில் இழுபட்டு வரும். இதன் ஒபாசிட்டி 20 முதல் 25 சதவீதம். மூன்றையும் ஒன்றாக இணைத்தால் மங்கலான, எதற்கும் உதவாததைப் போன்ற ஒரு சாம்பல் படம் கிடைக்கும். மரம் அதற்குள்தான் இருக்கிறது.

அடுத்து கிரேடியன்ட் எடிட்டரில் ஒரு புதிய கிரேடியன்ட் உருவாக்கி, இடப்பக்கம் அடர்பழுப்பு, வலப்பக்கம் வெளிர்பழுப்பு என்று நிறம் கொடுத்து, ரெப்ளிகேட் செக்மென்ட் கட்டளையால் அதை இருபது முறை திரும்ப வரச் செய்யுங்கள். பிறகு அந்தச் சாம்பல் படத்தின்மேல் கலர்ஸ் மெனுவில் உள்ள கிரேடியன்ட் மேப்பை இயக்குங்கள். தேர்ந்த தச்சரின் பட்டறையில் கிடக்கும் பலகையின் வளைவுகள் அப்படியே எழுந்து வரும். காரணம் எளிது: நாம் உருவாக்கிய சாம்பல் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியும் மரத்தின் மையத்திலிருந்து அது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைக் குறிக்கிறது, கிரேடியன்ட் மேப் அந்தத் தூரத்தை ஆண்டு ஆண்டாகக் கூறுபோடுகிறது. கோடுகள் நடுவில் அகலமாகவும் ஓரங்களில் நெருக்கமாகவும் விழுவதும் அதனால்தான். சாலிட் நாய்ஸுக்கு அடிப்படையான கணித முறையை 1980-களில் வகுத்தவர் கென் பெர்லின்; கணினியில் வரையும் படங்களுக்கு இயற்கையின் ஒழுங்கின்மையைக் கொடுத்ததற்காக 1997-இல் அவருக்கு ஆஸ்கர் அகாதமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. ஃபோட்டோஷாப்பில் கிரேடியன்ட்டின் நிறப்புள்ளிகளைக் கையால் ஒருமுறை வைத்துச் சேமித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அங்கே ஃபைபர்ஸ் என்றொரு ஃபில்டர் இருக்கிறது, பலரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நேர்க்கோட்டு நார்களுக்கு அது நன்றாகப் பயன்படும், வளைவுகளை அது தராது.

கிரேடியன்ட்டில் அடர்நிறத்தை இடப்பக்கம் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தேக்கில் ஒவ்வோர் ஆண்டின் வளர்ச்சியும் பெரிய துளைகளின் வரிசையோடு தொடங்குகிறது. ஆகவே கோட்டின் உட்பக்கம் சட்டென்று கறுத்து, வெளிப்பக்கம் மெல்ல வெளுத்துப் போகும். பைன் மரத்தில் இது தலைகீழ்: மெல்லக் கறுத்துக்கொண்டே போய்ச் சட்டென்று வெளுக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கும் கோடுகளைப் போட்டால் எந்த மரமாகவும் இராது.

துளைகளைத் தனி லேயரில் சேர்க்க வேண்டும். நடுச்சாம்பல் நிறம் நிரப்பிய லேயரில் நாய்ஸ் தூவி, லீனியர் மோஷன் பிளரால் நீளவாக்கில் 40 பிக்சல் அளவுக்கு இழுத்து, லெவல்ஸில் அடர்த்தியான கீற்றுகள் மட்டும் மிஞ்சும்படி வெட்டி, லேயரை மல்டிப்ளை என்ற, கீழுள்ளதைக் கறுக்கச் செய்யும் கலப்பு முறையில் வையுங்கள். அதற்கு ஒரு மாஸ்க் (லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மறைப்பு) கொடுத்து, முன்பு செய்த வளைவுப் படத்தையே தலைகீழ் நிறத்தில் அந்த மாஸ்க்கில் ஒட்டினால், கீற்றுகள் கோடுகளை ஒட்டியே கூடும், இடைவெளிகளில் குறையும். படத்தை முழுதாகப் பார்க்கும்போது இந்தக் கீற்றுகள் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அவற்றை அணைத்துவிட்டால் மேசை வழவழவென்று ஆகிவிடுவதைக் காண்பீர்கள். கணு வேண்டுமானால் ஒரு மேசைக்கு ஒன்றே அதிகம். வார்ப் டிரான்ஸ்ஃபார்ம் கருவியால் ரேகைகளை இருபுறமும் விலக்கி, ஆற்று நீர் பாறையைச் சுற்றிப் போவதைப் போல அவை கணுவைச் சுற்றி மீண்டும் சேரும்படி செய்யுங்கள்.

வெட்டுமுகத்துக்கு ஒரு வட்ட கிரேடியன்ட்டை அதே முறையில் கிரேடியன்ட் மேப் செய்து, வட்டத்தின் மையம் பலகைக்கு வெளியே, கீழே இருக்கும்படி ஒரு கீற்றை வெட்டியெடுங்கள். மேற்பரப்பில் ஓரத்தை நோக்கி வரும் ஒவ்வொரு கோடும் விளிம்பைத் தாண்டி மடங்கி, வெட்டுமுகத்தில் வில்லாகத் தொடர வேண்டும். எல்லாக் கோடுகளையும் பொருத்த வேண்டியதில்லை, கண்ணில் படும் ஐந்தாறு அடர்கோடுகள் பொருந்தினால் மற்றவற்றைப் பார்ப்பவரின் கண் தானே சேர்த்துக்கொள்ளும். வெட்டுமுகம் பாலிஷை அதிகம் உறிஞ்சுவதால் மற்ற இடங்களைவிட ஒரு படி கறுத்திருக்கும். அதில் துளைகள் கீற்றாகத் தெரியாமல் புள்ளிகளாகத் தெரியும்.

நிறத்தைப் பொறுத்தவரை தேக்குக்கு, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், நடுநிறம் 170, 115, 62 என்ற அளவிலும், அடர்நிறம் 104, 62, 30 என்ற அளவிலும், வெளிர்நிறம் 205, 158, 98 என்ற அளவிலும் தொடங்கலாம். இவை பிறகு ஒளிக்கேற்ப மாறும். புதிதாக அறுத்த தேக்கின் நிறம் திட்டுத்திட்டாக இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் பொன்பழுப்பாகும். மரத்தின் உட்பகுதியான வைரம்தான் இந்த நிறம். பட்டையை அடுத்த வெளிறு வெளுத்த மஞ்சளாக இருக்கும். நல்ல மேசையில் தச்சர் வெளிறைக் கழித்துவிடுவார். ஆனாலும் உங்கள் மேற்பலகைகளில் ஒன்றின் ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளிறு தெரியும்படி விட்டுப் பாருங்கள். அது அறுத்த பலகை என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. பழைய வீட்டு மேசையை வரைவதானால் ரேகைகளை இன்னும் நெருக்கமாக்குங்கள், ஏனெனில் காட்டில் மெதுவாக வளர்ந்த தேக்கில் வளையங்கள் நெருங்கியிருக்கும். தோட்டத்தில் நீர் பாய்ச்சி வேகமாக வளர்த்த மரத்தில் அவை அகன்றிருக்கும். தோதகத்திக்குக் கருஞ்சிவப்பும் கறுப்பு வரிகளும், பலாவுக்கு மஞ்சளிலிருந்து செம்பழுப்புக்குப் போகும் நிறமும் வேண்டும்.

பலகைகள் தயாரானதும் ஒவ்வொன்றையும் அதனதன் முகத்தில் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் பொருத்துங்கள். இரண்டு மடங்கு அளவில் செய்துகொள்ளச் சொன்னது இதற்காகத்தான். சுருக்கும்போது கூர்மை கெடாது, விரிக்கும்போது கெடும். அளவு மாறும்போது பிக்சல்களைக் கணக்கிடும் முறையான இன்டர்போலேஷனில் லோஹேலோவைத் தேர்ந்தெடுத்தால் தொலைவில் நெருங்கும் கோடுகள் உடைந்து மினுங்காமல் இருக்கும். புகைப்படத்தையே டெக்ஸ்சராகப் பயன்படுத்த விரும்பினால் நீங்களே எடுங்கள்: மேகமூட்டமான நேரத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பலகைக்கு நேர் எதிரே நின்று எடுக்க வேண்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அந்த வெளிச்சமும் சேர்ந்தே வந்துவிடும், பிறகு உங்கள் மேசையில் இரண்டு சூரியன்கள் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் ஒளி. இடப்பக்கத்தில் ஒரு சன்னல் இருப்பதாக முடிவு செய்துகொண்டால், மேற்பரப்பு மிக வெளிச்சமாகவும், சன்னலைப் பார்க்கும் முகம் நடுத்தரமாகவும், மற்ற முகம் இருட்டாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று தெளிவாக விலகியிருக்கின்றனவா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல் நிற லேயர் ஒன்றை எல்சிஎச் கலர் முறையில் வைத்து, அவ்வப்போது கண்ணைத் திறந்து மூடிப் பாருங்கள். லேயரின் கண்ணைச் சொல்கிறேன். படம் கறுப்பு வெள்ளையில் மேசையாக நிற்கவில்லை என்றால் நிறத்திலும் நிற்காது. நிழலுக்குக் கறுப்பு மட்டும் வேண்டாம். மரத்தின் நிழல் செம்பழுப்பை நோக்கிப் போகும், சிவப்பு ஆக்ஸைடு தரையாக இருந்தால் கால்களின் அடிப்பகுதியிலும் மேற்பலகையின் அடிப்பக்கத்திலும் அந்தச் சிவப்பு லேசாக ஏறியிருக்கும். காலடியில் நிழல் தரையைத் தொடும் இடத்தில் கூர்மையாகவும் கறுப்பாகவும் இருந்து, விலக விலக மங்கிப் பரவ வேண்டும். இந்தச் சின்னக் கறுப்பை விட்டுவிட்டால் மேசை மிதக்கும்.

விளிம்புகளைப் பற்றி ஒரு சொல். உப்புத்தாள் தேய்க்காத தச்சர் இல்லை. ஆகவே எந்த விளிம்பும் கத்தி முனையாக இராது, ஒன்றிரண்டு மில்லிமீட்டராவது மழுங்கியிருக்கும். நம் அளவுகோலில் அது 2 முதல் 4 பிக்சல். அந்தக் குறுகிய வளைவு வெளிச்சத்தைப் பிடித்து ஒரு மெல்லிய கோடாக ஒளிரும். சன்னலுக்கு அருகில் அது பிரகாசமாகவும், தள்ளிப் போகப் போகக் குறைந்தும், கைபட்டுத் தேய்ந்த இடத்தில் சற்று அகன்றும் இருக்கட்டும். இதை ஃபோட்டோஷாப்பின் பெவல் அண்ட் எம்பாஸ் ஸ்டைலால் ஒரே சொடுக்கில் செய்ய முடியும் என்பது உண்மைதான். அப்படிச் செய்த மேசைகளை நூறு அடி தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம் என்பதும் உண்மை.

பாலிஷ்தான் கடைசிப் படி, மிகவும் கவனம் வேண்டிய படியும் அதுவே. வார்னிஷ் என்பது மரத்தின்மேல் உள்ள ஒரு கண்ணாடிப் படலம். அதன் பளபளப்பில் மரத்தின் நிறம் கலப்பதில்லை. சன்னல் வெளிச்சம் வெள்ளை நீலம் என்றால் பளபளப்பும் வெள்ளை நீலம்தான். ரேகைகளை வெளுக்கச் செய்து பளபளப்பு காட்ட முயல்வதால்தான் படம் பிளாஸ்டிக்காகிறது. பளபளப்பைத் தனி லேயரில், எல்லா ரேகைகளுக்கும் மேலே, கீழுள்ளதை வெளுக்கச் செய்யும் ஸ்க்ரீன் கலப்பு முறையில் வையுங்கள். நேர் மேலிருந்து பார்க்கும்போது வார்னிஷ் ஏறக்குறைய 4 சதவீத வெளிச்சத்தை மட்டுமே திருப்பியனுப்பும். பார்வை பரப்பை ஒட்டிச் சாயும்போது, செங்குத்திலிருந்து 80 பாகை சாய்வில், அது 40 சதவீதத்தை நெருங்கும். ஆகவே மேசையின் அருகிலுள்ள பகுதியில் மரம் நன்றாகத் தெரியும், தொலைவிலுள்ள பகுதியில் சன்னலின் பிரதிபலிப்பு மரத்தை மறைக்கத் தொடங்கும். மேசைமேல் ஒரு பித்தளைச் செம்பு இருந்தால் அதை நகலெடுத்துத் தலைகீழாக்கி, அடியை ஒட்டி வைத்து, மாஸ்க்கால் கீழ்நோக்கி மறையச் செய்து, விலக விலக மங்கச் செய்யுங்கள். செம்பும் இழுப்பறைக் கைப்பிடியும் உலோகம் என்பதால் அவற்றின் ஒளிர்வு மட்டும் மஞ்சளாக இருக்கும். வார்னிஷின் வெள்ளை ஒளிர்வுக்குப் பக்கத்தில் இந்த மஞ்சள் வரும்போது இரண்டும் தம்தம் பொருளைத் தாமே சொல்லிவிடும். மெழுகு மட்டும் தேய்த்த பழைய மேசை என்றால் பளபளப்பைப் பரவலாக்கி, முன்பு செய்த துளைக் கீற்றுகளால் அதை ஆங்காங்கே உடைத்துவிடுங்கள்.

மேசைக்குப் பிறகு நாற்காலியும் வரையத் தோன்றலாம். அங்கே வளைவுகள் வரும், ரேகையை வளைப்பதா வேண்டாமா என்ற கேள்வியும் வரும். வளைவு எப்படி உண்டானது என்பதே விடை. ஜெர்மன் தச்சரான மைக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலியில் பீச் மரக் கழிகளை ஆவியில் வேகவைத்து வளைத்தார்கள். அதில் ரேகை வளைவோடு சேர்ந்தே வளைந்து போகும். நம் ஊர்ச் சாய்வு நாற்காலியின் கையோ பெரும்பாலும் தடித்த பலகையிலிருந்து வளைவாக அறுத்தெடுத்தது. அதில் ரேகை நேராகவே ஓடும், வடிவம் அதைக் குறுக்கே வெட்டும், வெட்டிய இடங்களில் நீள்வட்டங்கள் தெரியும். ஆகவே கைக்கு டெக்ஸ்சரை வளைக்காமல் நேராக வைத்து, வடிவத்தை மாஸ்க்கால் வெட்டுங்கள். பிரம்பு இருக்கையை ஒரு சிறு சதுரமாக வரைந்து பேட்டர்னாக நிரப்பிக்கொள்ளலாம், அதன் கீழே விழும் புள்ளி நிழலை மட்டும் மறக்க வேண்டாம்.

பழமையைச் சேர்க்கும்போது கை அடங்கியிருக்கட்டும். எழுதுபவரின் கை தங்கும் முன் விளிம்பில் சற்றே கறுப்பு, கைப்பிடியைச் சுற்றி எண்ணெய்க் கறை, வீடு கழுவும் தண்ணீர் பட்டுப் பட்டுக் கால்களின் அடியில் வெளுத்த இரண்டங்குலம், இணைப்புகளின் மூலையில் படிந்த தூசு. இவை அந்த மேசை பயன்பட்ட விதத்திலிருந்து வருபவை. பரப்பு முழுவதும் கீறல் பிரஷ்ஷால் ஒரே சீராகக் கோடு போட்டால் எந்த மனிதரும் பயன்படுத்தாத மேசையாகிவிடும். வேலை முடிந்ததாகத் தோன்றும்போது படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், பெர்ஸ்பெக்டிவ் பிசகு அப்போது பளிச்சென்று தெரியும். பிறகு மூல கோப்பை எல்லா லேயர்களோடும் 16 பிட்டிலேயே வைத்துக்கொண்டு, இணையத்துக்கு அனுப்பும் நகலை மட்டும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் 8 பிட்டாக மாற்றி ஏற்றுமதி செய்யுங்கள். ஜேபெக்கின் தரத்தை 90-க்குக் கீழே இறக்கினால் நாம் பாடுபட்டுச் செய்த துளைக் கீற்றுகள்தான் முதலில் அழியும்.